மூன்று பெயர்களும் பெயரற்றோரும்

கால்வாய் ஒன்று, அதற்குப் பெயர்கள் மூன்று! அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன். முதலது திருவனந்தபுரத்துக் கோயில் தெய்வம். இரண்டாவது கடல்கடந்த நாட்டின் அரசி. மூன்றாவது திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா.

திருவனந்தபுரத்தையும் குமரிமுனையையும் நீர்வழியால் இணைத்திட 1860-இல் தொடங்கிய வேலை அது. மணவாளக்குறிச்சியை அடுத்த மண்டைக்காட்டுப் பக்கம்வரை வந்தது, குமரியை எட்டவில்லை. வள்ளங்கள் ஓடிய அவ்வழி இன்று பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. பெயர்கள் மட்டும் தூரவில்லை!

தெய்வத்துக்கு இடம் கிடைத்தது. முடிதரித்தோர் இருவருக்கும் கிடைத்தது. மண்வெட்டி பிடித்தவனுக்கு? மண்கூடை சுமந்தவளுக்கு?

கால்வாயில்தான் இந்தக் கதையென்று எண்ணாதீர், தோழர்களே! கடற்கரைக்கு வாருங்கள். ஆணியொன்றும் அறையாமல், மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்து அலையை வென்றான் நம் மீனவன். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்துத் தடிகளைக் காயவைப்பான். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் அந்த மிதவையைக் குறித்தார். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகி ஆங்கில அகராதியில் ஏறியது. சொல் ஏறியது, அதைக் கட்டியவன் ஏறினானா?

கட்டிய கயிற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூரிலிருந்து அயல்நாடு சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அது வந்த கரையைத் தேடி வந்தார் ஷோம்பெர்க் என்னும் செருமானிய வேதியியலார். 1909-இல் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது தெரிந்தது. அதிலுள்ள தோரியம் அந்நாளில் வாயுவிளக்குத் திரிக்கு வேண்டியிருந்தது, தொழிற்சாலை எழுந்தது. மணலைக் கண்டவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. தொண்டை ஊறவைத்து, தும்பைப் பிரித்து, உள்ளங்கை தேயக் கயிறு திரித்த தாய்மார் பெயர் எங்கே?

பெயரில் என்ன இருக்கிறது என்பீரோ? உயிர் இருக்கிறது! 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக்கடலைக் கலக்கியபோது, கடலுக்குச் சென்றவர் எத்தனை பேர் என்று உடனே சொல்ல நாட்டில் ஆளில்லை. கரையில் காத்திருந்த பெண்கள் பெயர்களைச் சொல்லிச் சொல்லி அழுதனர், ஏடுகளோ விழித்தன. தலைவிதி என்றனர் சிலர். விதியன்று! ஆழ்கடலில் இருந்தவனுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவன் பெயரும் எவருடைய கணக்கிலும் முழுமையாக இல்லை. மனிதன் செய்த குறை இது, மனிதனே களையக்கூடியது.

வகுப்பறையில் மன்னர் வரிசையை ஒப்பிக்கச் செய்யும் ஆசிரியன் நான். அந்த வரிசை போதாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இளைஞனே! சின்னவிளைக்குப் போ, பெரியவிளைக்குப் போ, கடியபட்டணத்துக்குப் போ. வலை பின்னும் முதியவரிடம் உட்கார். எவர் எந்த மரத்தில் சென்றார், எவர் திரும்பவில்லை என்று கேள், கேட்டதை எழுது.

மூன்று பெயர்கள் பொறித்த கால்வாய் தூர்ந்தது. முந்நூறு பெயர்கள் எழுதிய ஏடு தூராது!