கப்பலில் ஏறும் உரிமை

2002 டிசெம்பரில் ஓர் இரவு, வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை முடிக்கும் வேளையில் வந்த செய்தி ஒன்று இன்னமும் என் நினைவில் நிற்கிறது. அரபிக் கடலில் கொடி எதையும் பறக்கவிடாமல் சென்றுகொண்டிருந்த 'சோ சான்' என்னும் சரக்குக் கப்பலை ஸ்பெயினின் போர்க்கப்பலான 'நவாரா' மறித்திருந்தது. எச்சரிக்கை வேட்டுகளுக்கும் அது நிற்கவில்லை. ஹெலிகொப்டரிலிருந்து கயிற்றில் இறங்கிய படையினர், சீமெந்து மூடைகளுக்கு அடியில் 15 ஸ்கட் ஏவுகணைகளைக் கண்டனர். அவை வடகொரியாவில் ஏற்றப்பட்டவை. கப்பல் கைப்பற்றப்பட்டது என்று தலைப்பிட்டேன். இரண்டு நாட்களில் அமெரிக்கா அதை விடுவித்தது. ஏவுகணைகள் யேமனுக்கே போய்ச் சேர்ந்தன!

வல்லரசொன்று கையில் கிடைத்ததை ஏன் விட்டுக்கொடுத்தது? விடை 1817இன் இலண்டனில் இருக்கிறது.

அடிமை வியாபாரத்தை 1807இல் தடைசெய்த பிரித்தானியா, பிற நாட்டுக் கப்பல்களையும் மறிக்கத் தொடங்கியிருந்தது. 1816 மார்ச்சில் மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் 'லூயி' என்னும் பிரெஞ்சுக் கப்பல், உயிர்ச்சேதம் விளைந்த மோதலின் பின் பிடிபட்டது. சியரா லியோன் நீதிமன்றம் அதைப் பறிமுதல் செய்தது. மேன்முறையீட்டை விசாரித்த சேர் வில்லியம் ஸ்கொட் அத்தீர்ப்பை மாற்றினார். சமாதான காலத்தில், கடற்கொள்ளையர் விடயம் தவிர, ஆழ்கடலில் பிறநாட்டுக் கப்பலில் ஏறிச் சோதிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றார். சோதனையில் குற்றம் வெளிப்பட்டதனால் உரிமையற்ற சோதனை நியாயமாகிவிடாது என்பதும் அவரது வாதம். அடிமை வியாபாரத்தை அவர் ஆதரிக்கவில்லை. ஆனால் தீர்ப்பால் நன்மை பெற்றவர்கள் அடிமை வியாபாரிகளே. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. எனினும் மறுபக்கமும் உண்டு. பிரித்தானியக் கடற்படை அமெரிக்கக் கப்பல்களில் ஏறி மாலுமிகளைப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றமை 1812ஆம் ஆண்டுப் போருக்கு ஒரு காரணமாயிற்று. அந்த வடுவினால் பரஸ்பரச் சோதனைக்கு அமெரிக்கா 1862 வரை உடன்படவில்லை. அதுவரை அடிமைக் கப்பல்கள் பலவற்றுக்கு அமெரிக்கக் கொடியே கவசமாக இருந்தது.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்டச் சமவாயத்தின் 110ஆம் உறுப்புரை ஸ்கொட்டின் விதியையே பின்பற்றுகிறது. கடற்கொள்ளை, அடிமை வியாபாரம், அனுமதியற்ற ஒலிபரப்பு, நாடற்ற கப்பல், கொடியை மறைத்த சொந்த நாட்டுக் கப்பல் ஆகியவை தொடர்பில் நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே போர்க்கப்பல் தலையிடலாம். முதலில் ஓர் அதிகாரியின் தலைமையில் படகு சென்று ஆவணங்களைப் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிடில் மட்டுமே மேலதிக சோதனை. சந்தேகம் பொய்த்து, கப்பலும் அதற்கு இடமளிக்காதிருந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டும்.

'சோ சான்' கொடியின்றிச் சென்றதனால் ஏறுவதற்குக் காரணம் இருந்தது. சரக்கைப் பறிப்பதற்கு இருக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிய பொருள் என்று யேமன் உரிமை கோரியபோது, அவ்விற்பனையைத் தடுக்கும் சர்வதேச விதி எதுவும் இல்லை என்பதை வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது.

2003 மே மாதம் போலந்தின் கிராகோவ் நகரில் ஜனாதிபதி புஷ் இத்தகைய சரக்குகளைத் தடுக்கும் கூட்டு முயற்சியொன்றை அறிவித்தார். அதுவும் 110ஆம் உறுப்புரையை மாற்றவில்லை. 2004இல் லைபீரியாவுடனும் பனாமாவுடனும் அமெரிக்கா செய்துகொண்ட ஒப்பந்தங்கள், 19ஆம் நூற்றாண்டின் அடிமை ஒழிப்பு உடன்படிக்கைகளைப் போலவே கொடிநாட்டின் சம்மதத்தை முன்கூட்டியே பெறும் ஏற்பாடுகள். சோதனைக்கான கோரிக்கைக்குப் பதிலளிக்க அந்நாடுகளுக்கு இரண்டு மணித்தியாலம் அவகாசம்.