சசிகுமாரின் முதுகும் சிங்கப்பூரின் முதல் கிண்ணமும்

சிங்கப்பூர்த் தேசியக் காற்பந்து அணியின் முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரர் ஆர். சசிகுமார். 1975ல் பிறந்தவர். 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஹனோய் நகரின் ஹாங் டே அரங்கில் நடந்த டைகர் கிண்ண இறுதியாட்டத்தில், ஏற்று நடத்திய நாடான வியட்னாமை சிங்கப்பூர் 1-0 என்று வென்றது. அந்த ஒரே கோலைப் போட்டவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 23. சிங்கப்பூர் வென்ற முதல் அனைத்துலகக் காற்பந்துக் கிண்ணம் அது.

கோல் போடுவது அவரது வேலை இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. எதிரணி கோல் போடாமல் பார்த்துக்கொள்வதே அவரது வேலை. அதை அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்குப் பெரிதாகப் பதிவு எதுவும் இல்லை. அமெரிக்கக் காற்பந்தில் தற்காப்பாளருக்கென்றே கணக்குப் புத்தகம் உண்டு. எத்தனை பேரை மடக்கி வீழ்த்தினார், எத்தனை பந்தை இடைமறித்தார், பந்தை எறிய நின்றவரை எத்தனை தடவை கீழே தள்ளினார் என்று ஒவ்வொன்றையும் எண்ணுவார்கள். கடைசியாகச் சொன்னதை அந்நாட்டின் தொழில்முறை லீக் 1982லிருந்து அதிகாரபூர்வமாகவே எண்ணி வருகிறது. நம் ஊர்க் காற்பந்தில் அந்தக் காலத்தில் அப்படி எதுவும் கிடையாது. கோல் போட்டவர் பெயரும் நிமிடமும் மறுநாள் நாளிதழில் வரும். கோல் விழாமல் காத்தவரை அன்று அரங்கில் இருந்தவர் நினைவில் வைத்திருந்தால்தான் உண்டு.

எனவே சசிகுமாரும் அவரது சகாக்களும் செய்த வேலையை அறிய, அணி விட்டுக்கொடுத்த கோல்களைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் போட்டியில் சிங்கப்பூர் ஐந்து ஆட்டங்கள் ஆடியது. மலேசியாவை 2-0 என்றும் லாவோசை 4-1 என்றும் வென்றது. வியட்னாமுடன் கோல் இன்றிச் சமநிலை கண்டது. அரையிறுதியில் இந்தோனீசியாவை 2-1 என்று வீழ்த்தியது. இறுதியாட்டத்தில் மீண்டும் வியட்னாமுக்குக் கோல் தரவில்லை. ஐந்து ஆட்டங்களில் வலைக்குள் விழுந்தவை இரண்டே கோல்கள். சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன் ஆடிய வியட்னாமால் இரண்டு ஆட்டங்களிலும் சிங்கப்பூர்த் தற்காப்பைத் தாண்ட முடியவில்லை.

இத்தனைக்கும் அந்த அணியை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1994ல் மலேசிய லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற பிறகு, சிங்கப்பூர் அந்தப் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டது. 1996ல் சொந்தமாக எஸ்-லீக் தொடங்கியது. காஜாங், கோத்தா திங்கி தோட்டங்கள் வரை வானொலியில் கேட்ட ‘மலேசியா-சிங்கப்பூர்’ மோதல் இனி இல்லை என்று எல்லைக்கு இரு பக்கமும் பலர் வருந்திய காலம் அது. அதே 1996ல் முதல் டைகர் கிண்ணப் போட்டி சிங்கப்பூரிலேயே நடந்தது. சிங்கப்பூர் முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, ஆங்கிலேயப் பயிற்றுவிப்பாளர் பேரி விட்பிரெட்டுடனும் அணித்தலைவர் நஸ்ரி நசிருடனும் வியட்னாம் சென்ற அணியிடம் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை.

இங்குதான் காற்பந்து வரலாற்றின் மிக வெட்கக்கேடான ஆட்டங்களுள் ஒன்று குறுக்கே வருகிறது. ஆகஸ்ட் 31ஆம் தேதி ஹோ சி மின் நகரில் தாய்லாந்தும் இந்தோனீசியாவும் மோதின. இரு அணிகளும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டன. வெல்லும் அணி ஹனோய் சென்று வியட்னாமை அதன் சொந்த அரங்கில் சந்திக்க வேண்டும். தோற்கும் அணிக்கோ அதே நகரில் இருந்தபடி சிங்கப்பூருடன் ஆட்டம். இரு தரப்புமே வெல்ல விரும்பவில்லை. 2-2 என்று இருந்த நிலையில், ஆட்டம் முடியும் நேரத்தில் இந்தோனீசியாவின் முர்சித் எஃபெண்டி பந்தைத் தம் அணியின் வலைக்குள்ளேயே வேண்டுமென்று உதைத்தார். தடுக்க ஓடியவர்கள் தாய்லாந்து ஆட்டக்காரர்கள்! இரு நாட்டுச் சங்கங்களுக்கும் தலா 40,000 அமெரிக்க டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எஃபெண்டிக்கு அனைத்துலகக் காற்பந்தில் ஆட வாழ்நாள் தடை.

எஃபெண்டியும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர்தான். சிங்கப்பூர்தான் சுலபமான எதிரணி என்று கணக்குப் போட்டதற்காக அவர் கொடுத்த விலை அது. அந்தக் கணக்கும் பொய்த்தது. விரும்பித் தேடிய சிங்கப்பூரிடம் இந்தோனீசியா தோற்றது. வியட்னாமிடம் தாய்லாந்து 0-3 என்று உதை வாங்கித் திரும்பியது.

இறுதியாட்டத்தில் 70ஆவது நிமிடம். வியட்னாம் கோல்வாய்க்கு முன்னால் கூட்டம். வலைக்கு முதுகைக் காட்டியபடி நின்ற சசிகுமாரின் மேல் பந்து பட்டுத் தெறித்து உள்ளே உருண்டது. தலையால் முட்டியதும் இல்லை, காலால் உதைத்ததும் இல்லை. மரடோனாவின் ‘கடவுளின் கை’யை நினைத்து, சிங்கப்பூரில் இதைக் ‘கடவுளின் தோள்’ என்றார்கள். வியட்னாம் ரசிகர்களோ இன்றும் ‘சசிகுமாரின் முதுகு’ என்றே சொல்கிறார்கள். தோளா முதுகா என்ற வழக்கு தீராவிட்டாலும், கோலை அங்கீகரித்த நடுவருக்கு அதில் ஐயம் இருக்கவில்லை.

வியட்னாம் மக்களுக்கு இது வேடிக்கைக் கதை அல்ல. ஆஸ்திரியரான ஆல்ஃபிரட் ரீடல் பயிற்றுவித்த அந்த அணி, தாய்லாந்தைப் புரட்டி எடுத்துவிட்டு வந்திருந்தது. கிண்ணம் தங்களுக்கே என்று நாடே நம்பியிருந்தது. அவர்கள் அந்தக் கிண்ணத்தை முதன்முதலாகத் தூக்க மேலும் பத்து ஆண்டுகள், அதாவது 2008 வரை, காத்திருக்க நேர்ந்தது. அதனால்தான் ஒரு சிங்கப்பூர் ஆட்டக்காரரின் பெயர் அந்நாட்டுக் காற்பந்துப் பேச்சில் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. இங்கே, தேக்கா கடைத்தொகுதியில் தேநீர் குடிக்கும் இளையர்களைக் கேட்டால் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது வேறு கதை.

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் நம் காற்பந்தின் இரண்டு பழைய இடங்கள் உள்ளன. ஒன்று ஃபேரர் பார்க் திடல். குதிரைப் பந்தயம் 1933ல் புக்கித் தீமாவுக்கு மாறிய பிறகு விளையாட்டுத் திடலான இடம் அது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் குதிரைகளை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. மற்றொன்று, 1929ல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் அரங்கம். இங்கெல்லாம் பந்து உதைக்க வரும் பையன்களுள் பெரும்பாலோர் முன்வரிசையில் ஆடவே ஆசைப்படுவார்கள். ‘வாழைப்பழ உதை’க்குப் பேர்போன எஸ். ராஜகோபால், பிறகு வி. சுந்தரமூர்த்தி என்று அவர்கள் கேட்டு வளர்ந்த இந்தியப் பெயர்களும் தாக்குதல் ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவைதான்.

ஆனால் தற்காப்பு வரிசையிலும் நம்மவர்களின் தடம் நீளமானது. இடப்புறத் தற்காப்பில் ஆடிய எஸ். சுப்பிரமணி நாட்டுக்காக 100 ஆட்டங்களுக்கு மேல் களம் இறங்கியவர். பக்கக் கோட்டிலிருந்து அவர் கையால் எறியும் பந்து மூலை உதை போலவே கோல்வாய்க்குள் வந்து விழும். அடுத்த தலைமுறையில் 1991ல் பிறந்த மது மோகனா, தெம்பனிஸ் ரோவர்ஸ் போன்ற குழுக்களுக்கும் தேசிய அணிக்கும் தற்காப்பில் ஆடினார்.

1998க்குப் பிறகு சிங்கப்பூர் அதே கிண்ணத்தை 2004-05, 2007, 2012 ஆகிய மூன்று போட்டிகளில் வென்றது. மூன்று முறையும் பயிற்றுவிப்பாளர் ராடோய்கோ அவ்ராமோவிச். அந்த அணிகளின் பெருமை இன்று அதிகம் பேசப்படுகிறது. ஆயினும் வெளிநாட்டு மண்ணில், அந்நாட்டு ரசிகர்களே நிறைந்த அரங்கில், ஒரே ஆட்டமாக நடந்த இறுதியில் வென்றது 1998 அணி மட்டும்தான். மற்ற மூன்றிலும் இறுதிச் சுற்று இரண்டு ஆட்டங்களாக நடந்தது. அவற்றில் ஒன்று சிங்கப்பூரிலேயே.

ஆடும் காலம் முடிந்ததும் சசிகுமார் காற்பந்தை விட்டுப் போகவில்லை. விளையாட்டுச் சந்தைப்படுத்தல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, வட்டாரக் காற்பந்து சார்ந்த வர்த்தகப் பணிகளில் இறங்கினார். தற்காப்பு ஆட்டக்காரர்கள் எல்லாரும் அஞ்சும் சொல்லையே நிறுவனத்துக்குப் பெயராக வைத்தார்: ‘ரெட் கார்டு’.