சென்னை நேரமும் ஜி.பி.எஸ். துடிப்பும்: புதுக்கோட்டையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஓரிடத்தின் நேரத்தை அறிவதும் அதன் தீர்க்கரேகையை அறிவதும் ஒன்றையொன்று சார்ந்தவை. ‘சென்னை நேரம்’ முதல் ஜி.பி.எஸ். துடிப்பால் கணினிக் கடிகாரத்தை ஒத்திசைக்கும் முறை வரை இச்சார்பு தொடர்வதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சென்னை நேரம், தீர்க்கரேகை, தல நேரம், ஜி.பி.எஸ்., புதுக்கோட்டை.

1. நேரத்திலிருந்து இடம்

நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த சென்னை வானாய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம், வியாழனின் துணைக்கோள்கள் மறைப்புறும் கணங்களை உற்றுநோக்கினார். எங்கிருந்து நோக்கினும் அம்மறைப்பு ஒரே கணத்தில் தென்படும். ஆகவே அக்கணத்திற்குரிய சென்னை நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள வேறுபாடே சென்னையின் தீர்க்கரேகையைத் தந்தது. 1802இல் அவ்வேறுபாடு 5 மணி 21 நிமிடம் 14 நொடி என வரையறுக்கப்பட்டது. பின்னர் இந்திய இரயில்வேக்களின் பொது நேரமாக அமைந்ததும் இதுவே. 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் 1906 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

புதுக்கோட்டை ஏறத்தாழ 78.8 பாகைக் கிழக்கில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடம் எனக் கணக்கிடின், அதன் தல நேரம் சென்னை நேரத்தினும் சுமார் 6 நிமிடமும், திட்ட நேரத்தினும் சுமார் 15 நிமிடமும் பிற்பட்டது. எனவே அவ்வூருக்குப் பொது நேரம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

2. இடத்திலிருந்து நேரம்

வெளியிலிருந்து வரும் நேரக்குறிப்பு வழியில் தாமதமுறும். சென்னைக் கோட்டையின் நேரப் பீரங்கியொலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆயிற்று. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுழலும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் குறிப்பும் தரையை அடைய நொடியின் பதினைந்தில் ஒரு பங்கேனும் ஆகும். இத்தாமதத்தைக் கழிக்க வாங்கி தன் இருப்பிடத்தை அறிந்திருத்தல் வேண்டும். நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகளைக் கொண்டு இடத்தின் மூன்று அளவுகளையும் தன் கடிகாரப் பிழையையும் அது ஒருங்கே கணிக்கிறது. அசையா வாங்கியின் இருப்பிடம் உறுதியாகிவிட்டால், நேரம் அறிய ஒரு செயற்கைக்கோளே போதும்.

வாங்கி கணினிக்கு இரண்டைத் தருகிறது. நொடிக்கு ஒரு மின்துடிப்பு, நொடி பிறக்கும் கணத்தை உணர்த்தும். அத்துடன் வரும் எழுத்துச் செய்தி, அது எந்த நொடி எனக் கூறும். செய்தி தாமதித்து வருவதால் துடிப்பே அளவுகோலாகிறது. கணினி தன் குவார்ட்சு அலையியற்றியின் வேகப்பிழையைத் துடிப்போடு ஒப்பிட்டுப் படிப்படியாகத் திருத்துகிறது. இவ்வாறு நொடியின் சில இலட்சங்களில் ஒரு பங்கு வரை ஒத்திசைவு கிட்டுகிறது.

3. முடிவுரை

கோல்டிங்காம் நேரத்தைக் கொண்டு இடத்தை அறிந்தார். இன்றைய வாங்கி இடத்தைக் கொண்டு நேரத்தை அறிகிறது. இடம் சுட்டாத நேரக்குறிப்பு முழுமையற்றது என்பதை இரண்டும் உணர்த்துகின்றன. ஆவண ஆய்வுக்கு இது இன்றியமையாதது. 1906க்கு முற்பட்ட ஆவணமொன்றில் காணும் மணிக்குறிப்பு தல நேரமாகவோ சென்னை நேரமாகவோ இருக்கலாம். அதன் பின்னும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தத்தம் நேரத்தைப் பேணின. எனவே இரு ஊர்களின் நிகழ்வுகளை மணிக்கணக்கில் வரிசைப்படுத்தும் ஆய்வாளர், ஒவ்வொரு குறிப்பும் எவ்விடத்து நேரம் என்பதை முதற்கண் உறுதிசெய்தல் வேண்டும்.