கியூவின் பட்டியலும் கருவியின் பட்டியலும்

முந்நூறு, நானூறு பிரிண்டர்கள் உள்ள ஒரு மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ அவற்றைக் கவனித்துக்கொள்பவருக்கு முழுப் பட்டியலால் பயன் மிகக் குறைவு. காலையில் வந்து உட்கார்ந்ததும் அவருக்குத் தெரியவேண்டியவை வேறு. எவை நின்றுபோயிருக்கின்றன? எவற்றில் டோனர் தீரப்போகிறது? எவற்றில் இன்னும் பழைய ஃபர்ம்வேர் ஓடுகிறது? பட்டியலிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கும் வழிதான் ஃபில்டர். கேள்வி சரியாக அமைந்தால் நானூறு வரிகள் ஏழாகச் சுருங்கும். தவறாக அமைந்தாலும் ஏழாகச் சுருங்கும். ஆனால் அந்த ஏழு, நாம் தேடிய ஏழாக இருக்காது.

இந்த வேலைக்கு இரண்டு மென்பொருள்கள் பல அலுவலகங்களில் ஒரே மேசையில் இருக்கின்றன. ஒன்று, விண்டோஸ் சர்வரோடு வரும் பிரிண்ட் மேனேஜ்மென்ட். 2005இல் விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2 பதிப்போடு அறிமுகமானது. மற்றொன்று, ஹெச்பி நிறுவனம் இலவசமாகத் தரும் வெப் ஜெட்அட்மின். இரண்டிலும் பிரிண்டர் பட்டியல் உண்டு, இரண்டிலும் ஃபில்டர் உண்டு. அதனால் எது வசதியாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல என்பதே என் வாதம். இரண்டும் பட்டியலிடும் பொருள்களே வேறு வேறு. ஃபில்டரில் தெரியும் வேற்றுமைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பிரிண்ட் மேனேஜ்மென்ட் பட்டியலிடுவது கியூக்களை. சர்வரில் யாரோ ஒருவர் பெயர் கொடுத்து, டிரைவர் ஏற்றி, போர்ட் இணைத்து உருவாக்கி வைத்த அச்சு வரிசைகள் அவை. ஒரே இயந்திரத்துக்குக் கறுப்பு-வெள்ளைக்கு ஒரு கியூ, கலருக்கு ஒரு கியூ என்று இரண்டு வைத்திருந்தால் பட்டியலில் இரண்டு வரிகள் வரும். கணக்குப் பிரிவில் சர்வரைத் தொடாமல் நேரடியாக ஐ.பி. முகவரி போட்டு அச்சிடும் பிரிண்டர் இந்தப் பட்டியலில் வரவே வராது.

ஜெட்அட்மின் பட்டியலிடுவது கருவிகளை. ஐ.பி. எல்லைகளைக் கொடுத்தால் நெட்வொர்க்கைத் துழாவி, எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையில் ஒவ்வொரு முகவரியையும் விசாரித்து, பதில் சொல்லும் பிரிண்டர்களைத் தன் தரவுத்தளத்தில் பதிந்துகொள்கிறது. கியூ இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல. பிரிண்டர்களுக்கான பொதுத் தரத்தைப் பின்பற்றும் பிற நிறுவனக் கருவிகளும் அதில் தெரியும். அவற்றைப் பற்றிக் கிடைக்கும் விவரம் மட்டும் குறைவு.

இப்போது ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்போம்: "வேலை செய்யாதவை எவை?"

பிரிண்ட் மேனேஜ்மென்டில் தயாராகவே நான்கு ஃபில்டர்கள் இருக்கின்றன. எல்லாப் பிரிண்டர்களும், எல்லா டிரைவர்களும், தயார் நிலையில் இல்லாதவை, வேலை தேங்கி நிற்பவை. மூன்றாவதைச் சொடுக்கினால் கியூவின் நிலையை வைத்துப் பதில் வரும். நிர்வாகியே நேற்று மாலை நிறுத்தி வைத்துவிட்டு மறந்துபோன கியூ அதில் இருக்கும். அந்த இயந்திரமோ பேப்பரும் டோனருமாக நல்ல நிலையில் நின்றுகொண்டிருக்கும். ஜெட்அட்மினில் பிழையுள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்தால் அது இருக்காது, இருக்கவும் கூடாது.

இதன் மறுபக்கம் இன்னும் சிக்கலானது. விண்டோஸின் வழக்கமான டி.சி.பி./ஐ.பி. போர்ட்டில், எஸ்.என்.எம்.பி. மூலம் நிலையை விசாரி என்று ஒரு தேர்வு உண்டு. விசாரிக்கும்போது 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டி பெயரைத்தான் (ஒருவகை அனுமதிச் சொல்) இயல்பாகப் பயன்படுத்தும். பாதுகாப்புக்காகப் பிரிண்டர்களில் அந்தப் பெயரை மாற்றிவிட்டு, போர்ட்டில் மாற்றாமல் விட்டால் பிரிண்டர் பதில் சொல்லாது. பதில் வராததால் விண்டோஸ் அந்தக் கியூவை ஆஃப்லைன் என்று காட்டத் தொடங்கிவிடும். இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டவருக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். ஒரே நாளில் ஐம்பது கியூக்கள் ஆஃப்லைன் ஆனால், மாடி மாடியாக ஓடுவதற்கு முன் போர்ட்டின் இந்த ஒரு தேர்வைப் பார்ப்பது நல்லது.

கருவியிடம் நேரடியாகக் கேட்டால் என்ன கிடைக்கும்? பிரிண்டரின் பிழை நிலை ஒரு சிறிய பிட் தொகுப்பாக வருகிறது. 1993இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1514 என்ற இணையத் தர ஆவணத்திலேயே அதன் முதல் எட்டு நிலைகள் வகுக்கப்பட்டுவிட்டன: பேப்பர் குறைவு, பேப்பர் இல்லை, டோனர் குறைவு, டோனர் இல்லை, கதவு திறந்திருக்கிறது, பேப்பர் சிக்கியிருக்கிறது, ஆஃப்லைன், பழுதுபார்க்க ஆள் தேவை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்றும் எரியலாம். ஆகவே 'கதவு திறந்தவை மட்டும்', 'ஜாம் ஆனவை மட்டும்' என்று கருவிப் பட்டியலை நுணுக்கமாகப் பிரிக்க அடிப்படை இருக்கிறது. கியூவின் நிலையில் இந்த நுணுக்கம் எல்லா நேரமும் வந்து சேர்வதில்லை.

ஃபில்டரை எழுதும் முறையிலும் இரண்டுக்கும் தூரம் அதிகம். பிரிண்ட் மேனேஜ்மென்டில் புதிய ஃபில்டர் என்பது சில வரிகள்: புலம், நிபந்தனை, மதிப்பு. "இடம் – இதில் தொடங்குகிறது – பி பிளாக்", "கியூவில் உள்ள வேலைகள் – இதைவிட அதிகம் – 10" என்கிற மாதிரி. எழுதிய எல்லா வரிகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். ஜெட்அட்மினில் எளிய முறையும் உண்டு, விரிவான முறையும் உண்டு. விரிவான முறையில் 'மற்றும்', 'அல்லது', 'அல்லாத' ஆகியவற்றை அடைப்புக்குறிகளோடு கோக்கலாம். "பி பிளாக் அல்லது சி பிளாக்கில் உள்ள, கலர் அல்லாத, இந்தக் குறிப்பிட்ட ஃபர்ம்வேர் அல்லாத கருவிகள்" என்பதை ஒரே ஃபில்டராக எழுதிவிடலாம். இதற்காகவே ஜெட்அட்மினைப் புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அது இரண்டாம் பட்சம். அடைப்புக்குறிகள் கூடக்கூட, ஆறு மாதம் கழித்து அந்த ஃபில்டரைத் திறக்கும் அடுத்த நபருக்கு அது புரியாமல் போகிறது. மூன்று எளிய ஃபில்டர்கள் ஒரு சிக்கலான ஃபில்டரைவிடப் பலமுறை நன்றாக உழைக்கின்றன.

எளிய ஃபில்டரிலும் குழி உண்டு. 'உள்ளடக்குகிறது' என்ற நிபந்தனைதான் அது. மனிதவளப் பிரிவின் பிரிண்டர்களைப் பிடிக்க, பெயரில் எச், ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ளவை என்று எழுதுகிறோம் என்று வையுங்கள். குரோம்பேட்டைக் கிளையின் பிரிண்டர்கள் அத்தனையும் வந்து விழும். அந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் சி-க்கு அடுத்து எச்சும் ஆரும்தானே! இந்த இடத்தில் 'இதில் தொடங்குகிறது' என்பதே பாதுகாப்பு. அதற்குப் பெயரிடும் முறை முன்கூட்டியே ஒழுங்காக இருக்க வேண்டும்: பிரிவு, ஊர், கட்டடம், மாடி, வரிசை எண் என்று ஒரே ஒழுங்கு, ஒரே நீளம்.

டோனர் விஷயத்தில் ஒப்பிடவே இடமில்லை. கியூவுக்கு டோனர் கிடையாது. ஆகவே பிரிண்ட் மேனேஜ்மென்டில் டோனர் அளவுக்கான புலமும் கிடையாது. கருவிப் பட்டியலில் உண்டு. ஆனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அதை நம்ப வேண்டும். பிரிண்டர் இரண்டு எண்களைச் சொல்கிறது: கார்ட்ரிட்ஜின் முழுக் கொள்ளளவு, இப்போதுள்ள அளவு. இப்போதுள்ள அளவை முழுக் கொள்ளளவால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். 1995இல் ஆர்.எஃப்.சி. 1759ஆக வெளிவந்து, 2004இல் ஆர்.எஃப்.சி. 3805ஆகப் புதுப்பிக்கப்பட்ட பிரிண்டர் தகவல் தரத்தில் இதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன. அளவு தெரியாவிட்டால் பிரிண்டர் -2 என்று சொல்லலாம். "கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது" என்பதற்கு -3. கழிவு டோனர் பெட்டி போன்ற உறுப்புகள் பலவற்றில் இந்த -3ஐப் பார்க்கலாம். மேலாண்மை மென்பொருளோ, நீங்களே எழுதிய ஸ்கிரிப்டோ இந்த எதிர்ம எண்களைத் தனியாகப் பிரித்தெடுக்காவிட்டால் '10க்குக் கீழே' என்ற நிபந்தனையில் அவையும் சேர்ந்துவிடும். தேவையே இல்லாத கார்ட்ரிட்ஜுக்கு ஆர்டர் போகும். ஆகவே டோனர் ஃபில்டரில் எப்போதும் இரண்டு எல்லை வேண்டும்: 10க்குக் கீழே, 0க்குக் குறையாமல்.

இதுவரை படித்தால் கருவிப் பட்டியலே மேல் என்று தோன்றும். டிரைவர் பக்கம் திரும்பினால் நிலைமை மாறும்.

2021 ஜூலையில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பெயரில் பேசப்பட்ட ஓட்டை (சி.வி.இ.-2021-34527) விண்டோஸ் அச்சுச் சேவையில் இருந்தது. பிரிண்டர் டிரைவர் நிறுவும் வழியைப் பயன்படுத்தி சர்வரையே கைப்பற்ற அது இடம் கொடுத்தது. அப்போது நிர்வாகிகளுக்கு வேண்டியிருந்தது எந்தச் சர்வரில் எந்த டிரைவர், எந்தப் பதிப்பு என்ற பட்டியல். பிரிண்ட் மேனேஜ்மென்டின் 'எல்லா டிரைவர்களும்' என்ற ஃபில்டர் பல சர்வர்களின் டிரைவர்களை ஒரே இடத்தில் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. மூன்று சர்வர்களில் ஒரே டிரைவரின் மூன்று பதிப்புகள் கிடப்பது அங்கே ஒரே பார்வையில் தெரியும். ஜெட்அட்மினின் கருவிப் பட்டியலை எப்படி வடிகட்டினாலும் இந்தப் பதில் வராது. பிரிண்டருக்குத் தன்னை எந்த டிரைவர் அழைக்கிறது என்ற கவலை இல்லை.

அதற்காக டிரைவர் பெயரை வைத்து மாடலைக் கண்டுபிடிக்க முயலக் கூடாது. பல அலுவலகங்களில் எல்லாக் கியூக்களிலும் ஒரே பொது டிரைவர்தான் ஏற்றப்பட்டிருக்கிறது. மாடல் பத்தாக இருந்தாலும் டிரைவர் பெயர் ஒன்றே. பிற நிறுவன டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது. ஐ.பி.பி. என்ற பொது அச்சு நெறிமுறைக்கான டிரைவர் ஒன்றே எங்கும் பரவும்போது டிரைவர் புலத்தின் பிரித்துக்காட்டும் திறன் இன்னும் குறையும். மாடலும் ஃபர்ம்வேரும் வேண்டுமென்றால் கருவியிடம்தான் போக வேண்டும்.

இரண்டு பட்டியல்களிலும் 'இடம்' என்றொரு புலம் இருப்பது பெரிய குழப்பத்துக்குக் காரணம். விண்டோஸில் அது கியூவின் பண்புகளில் நிர்வாகி தட்டச்சு செய்தது, சர்வரில் இருக்கிறது. ஜெட்அட்மின் காட்டும் இடம் பிரிண்டரின் நினைவகத்திலேயே எழுதப்பட்டது. ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறாது. இரண்டாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு ஒரு பிரிண்டரைத் தூக்கிப் போகும்போது ஒருவர் கியூவில் திருத்துவார், கருவியில் திருத்த மறப்பார். பிறகு 'நான்காம் மாடி' என்று வடிகட்டினால் ஒரு திரையில் அது இருக்கும், இன்னொரு திரையில் இருக்காது. வேறு பல இடங்களில் இந்தப் புலம் இரண்டு பக்கமும் காலியாகவே கிடக்கிறது. காலியான புலத்தை வைத்து எந்த ஃபில்டராலும் இடம்வாரியாகப் பிரிக்க முடியாது.

ஃபில்டர் பட்டியலைக் காட்டுவதோடு நிற்காமல் வேலையும் செய்யும்போது பொறுப்பு கூடுகிறது. பிரிண்ட் மேனேஜ்மென்டில் ஒரு ஃபில்டரோடு மின்னஞ்சல் அறிவிப்பையோ ஸ்கிரிப்டையோ இணைக்கலாம். ஜெட்அட்மின் இன்னும் தொலைவு போகிறது. ஃபில்டரை வைத்துத் தானியங்கிக் குழு அமைக்கலாம்; குழுவுக்கு ஒரு கொள்கை வைக்கலாம். நிபந்தனைக்குப் பொருந்தும் புதிய பிரிண்டர் நெட்வொர்க்கில் கண்டறியப்பட்டவுடன் குழுவில் சேர்ந்து, குழுவுக்குரிய அமைப்புகள் அதன்மேல் எழுதப்படும். புதிய கிளை திறக்கும்போது இதைவிட உதவியான வசதி இல்லை. ஆனால் மேலே சொன்ன குரோம்பேட்டைக் கதை இங்கே நடந்தால், மனிதவளப் பிரிவுக்கென்று வைத்த அமைப்புகள் ஒரு கிளை முழுவதற்கும் போய்விடும். அதனால் ஒரு ஒழுங்கைக் கடைப்பிடிக்கச் சொல்வேன்: புதிய ஃபில்டரைக் கொள்கை எதுவும் இல்லாத வெறும் குழுவாகச் சில நாள் ஓடவிடுங்கள். யார் யார் வந்து சேர்கிறார்கள் என்று பாருங்கள். எதிர்பாராத ஒரு பெயர்கூட இல்லை என்றான பிறகே கொள்கையைக் கட்டுங்கள்.

எதை எடுப்பது? பயனர் தொலைபேசியில் "பிரிண்ட் வரவில்லை" என்று சொன்னால் முதலில் கியூவின் பட்டியல். வேலை எங்கே தேங்கியது என்று அதற்குத்தான் தெரியும். டிரைவர் பாதுகாப்பும் அதன் எல்லை. டோனர், ஃபர்ம்வேர், மாடல், சொத்துக் கணக்கு ஆகியவற்றுக்குக் கருவியின் பட்டியல். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் வாங்க முயன்றால் அரைகுறைப் பதில்தான் கிடைக்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது பயன் ஒன்று கிடைக்கிறது. இரண்டுக்கும் பொதுவானது ஐ.பி. முகவரி. 2012 முதல் விண்டோஸ் சர்வரில் உள்ள பவர்ஷெல் கட்டளைகளால் கியூக்களையும் அவற்றின் போர்ட் முகவரிகளையும் ஒரு கோப்பாக எடுக்கலாம். ஜெட்அட்மினிலிருந்து கருவிப் பட்டியலை இன்னொரு கோப்பாக எடுக்கலாம். எக்செலில் இரண்டையும் முகவரி வைத்துப் பொருத்தினால் பொருந்தாமல் மிஞ்சுபவை இரண்டு வகை. கியூ இருந்து கருவி பதில் சொல்லாதவை: பெரும்பாலும் எப்போதோ கழித்துக்கட்டிய இயந்திரங்களின் பெயரால் சர்வரில் தங்கிவிட்டவை. கருவி இருந்து கியூ இல்லாதவை: யாருக்கும் தெரியாமல் நேரடியாக அச்சிடப்படுபவை. பின்னவற்றில்தான் மாற்றப்படாத கடவுச்சொல்லும் பழைய ஃபர்ம்வேரும் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

புதிய ஃபில்டர் ஒன்று எழுதுவதற்கு முன், இந்தப் பொருத்திப் பார்க்கும் வேலையை ஒருமுறை முழுதாகச் செய்துவிடுங்கள். மிஞ்சும் கியூக்களை நீக்குங்கள், மிஞ்சும் கருவிகளை நேரில் போய்ப் பாருங்கள், அப்படியே இரண்டு பக்கமும் இடப் புலத்தை நிரப்பிவிட்டு வாருங்கள்.