ஈரோட்டு வழி வந்த எண்

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். கோமளத்தம்மாளும் அப்படித்தான் கும்பகோணத்திலிருந்து ஈரோட்டுக்கு வந்தார். அவருடைய அப்பா ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா. 1887 டிசம்பர் 22 அன்று அங்கே பிறந்த பிள்ளை ராமானுஜன். ஈரோட்டுக்காரர்களுக்கு அது தீராத பெருமை. அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எண் ஒன்று உண்டு:

80561663527802406257321747

26 இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். இதைவிடப் பெரிய பகா எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதற்குப் பூர்வீகம் உண்டு.

1916-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ராமானுஜன் முடிவில்லாத ஒரு பெருக்கலை ஆராய்ந்து எழுதினார். ஒன்றிலிருந்து ஒரு மாறியைக் கழித்தால் முதல் காரணி. அதன் வர்க்கத்தைக் கழித்தால் இரண்டாவது, கனத்தைக் கழித்தால் மூன்றாவது. ஒவ்வொன்றையும் 24 தடவை எழுதிப் பெருக்கி விரித்தால் கெழுக்கள் வரிசையாக வரும்: 1, -24, 252, -1472, 4830, -6048... 252 எப்படி வந்தது? முதல் காரணி 24 தடவை நிற்கிறதல்லவா, அதில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 276 வழி. இரண்டாம் காரணி தன் பங்குக்கு 24-ஐக் குறைக்கிறது. இப்படி 30 வரை பட்டியல் போட்டார். கிரேக்க எழுத்தான 'டௌ' அதற்குப் பெயராயிற்று.

பட்டியல் அவரிடம் பேசியது என்றே நான் நம்புகிறேன். இரண்டாம் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் பெருக்கினால் ஆறாவது வந்து நிற்கிறது: -24 × 252 = -6048. நான்காவதற்கு, அதாவது இரண்டின் வர்க்கத்துக்கு, வேறு விதி. -24-ஐத் தன்னாலேயே பெருக்கினால் 576. அதிலிருந்து இரண்டின் 11-ஆம் அடுக்கான 2048-ஐக் கழித்தால் -1472. எந்தப் பகா எண்ணின் வர்க்கத்துக்கும் இதே விதி என்றார். அவர் எழுதி வைத்தது ஊகம். மறு ஆண்டே மோர்டெல் என்ற கணிதவியலாளர் அதை நிரூபித்தார்.

சரி, இந்தப் பட்டியலில் பகா எண் வருமா? இரண்டைத் தவிரப் பகா எண்ணெல்லாம் ஒற்றைப்படை. பட்டியலிலோ ஒற்றைப்படை மதிப்பே அபூர்வம். 1, 9, 25, 49 என ஒற்றை எண்களின் வர்க்கம் வரும் இடங்களில் மட்டுமே அது கிடைக்கும். ஒன்பதாவது -113643, ஒன்பதால் வகுபட்டுவிடும். 25-ஆவது -25499225, கடைசி இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும். 49-ஆவது ஏழால் போகும்.

1965-இல், பெர்க்கிலியைச் சேர்ந்த டெரிக் ஹென்றி லேமர் விடை சொன்னார். குறியை விட்டுப் பார்த்தால் முதல் பகா எண் 63001-ஆவது இடத்தில்தான் வருகிறது. அது 251-இன் வர்க்கம்.

அங்கும் அதே விதிதான். 251-ஆவது மதிப்பு 12983053545252. அதன் வர்க்கம் 251-இன் 11-ஆம் அடுக்கை எட்டவில்லை. எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்த 26 இலக்கம். ஆகவே பட்டியலில் அது கழித்தல் குறியோடு நிற்கிறது.