தெருவிலிருந்து திண்ணைக்கு



மும்பையின் புலேஷ்வர் பகுதியில் வாழும் தமிழன்பர்கள் ‘பாஞ்ராபோல்’ என்னும் பெயரைக் கேட்டிருப்பர். பசுக்களும் பறவைகளும் அடைக்கலம் பெற்றுள்ள அப்பழைய வளாகம் தோன்றுவதற்குத் தெருநாய்களே காரணம் என்பதைப் பலர் அறியார்.

கம்பெனி ஆட்சிக் காலத்தில், உரிமையாளர் அற்ற நாய்களைக் கோடையில் கொல்லலாம் என்னும் விதி பம்பாயில் நிலவியது. நாய் ஒன்றுக்கு எட்டணா வெகுமதியும் உண்டு. 1832ஆம் ஆண்டு ஜூன் மாதம், பார்சி மக்கள் இதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் ஈமச் சடங்கில் நாய்க்கு இடம் உண்டு. ஆதலின் நாயைக் கொல்வது அவர்கள் சமய உணர்வைப் புண்படுத்தியது. கோட்டைப் பகுதியில் கடைகள் அடைக்கப்பட்டன. படையினருக்குச் செல்லும் உணவுப் பொருள்களும் தடைப்பட்டன. கலகம் அடக்கப்பட்டதாயினும், அது எழுப்பிய வினா அடங்கவில்லை. 1834இல் ஜம்சேட்ஜி ஜீஜீபாயும் அவருடன் சேர்ந்த வணிகரும் பாஞ்ராபோலை நிறுவினர். கொல்வதற்கு மாற்றாகக் காப்பாற்றும் வழி ஒன்று அந்நகரில் இவ்வாறு பிறந்தது.

லண்டன் மாநகரில் இதுபோன்ற முயற்சி 1860இல்தான் தொடங்கிற்று. மேரி டீல்பி என்னும் பெண்மணி, ஹாலோவே பகுதியில் ஒரு குதிரை லாயத்தில் அநாதை நாய்களுக்கு இல்லம் அமைத்தார். மனிதரே பசித்திருக்க நாய்க்கு இல்லமா எனப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின. ஆயினும் இல்லம் வளர்ந்து, 1871இல் பேட்டர்சீ என்னும் இடத்துக்குப் பெயர்ந்தது. இன்றும் நாய்களுக்குப் புது வீடு தேடித் தருகிறது.

நம் சென்னையின் பங்கும் சிறிதன்று. விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவே 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. 1962இல் அமைந்த பிராணி நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை 2001இல் மத்திய அரசு விதியாக்கிற்று.

இதற்கு எதிராக எழும் அச்சத்தைப் புறக்கணித்தல் தகாது. வெறிநாய்க் கடியால் குழந்தையை இழந்த தாயிடம் ஜீவகாருண்யம் மட்டும் பேசினால் போதுமா? மனிதரைத் தாக்கும் இந்நோய் பெரும்பாலும் நாய்களாலேயே பரவுகிறது. ஆயின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் தடுப்பூசி இட்டால் நோய்த் தொடர் அறுபடும் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஆகவே, தடுப்பூசி பெற்று ஒரு வீட்டில் வளரும் நாய் அண்டை வீட்டாருக்கும் பாதுகாப்பே. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கூறியதோடு, அந்நாய் மீண்டும் தெருவுக்கு வரலாகாது என்றும் விதித்தது.

அந்த நிபந்தனை பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மிகவும் பொருந்தும். நம்மில் பலர் வாடகை வீட்டினர்; மாற்றல் உத்தரவுக்கு உட்பட்டவர். மீட்புக் குழுவினர் நாயைத் தருமுன் பல வினாக்கள் கேட்பர். வீட்டுக்காரர் இசைந்தாரா? ஊருக்குச் செல்லும் நாட்களில் யார் பார்த்துக்கொள்வர்? வேறு நகரம் செல்ல நேர்ந்தால் உடன் அழைத்துச் செல்வீரா? இவற்றைக் கேட்டு முகஞ்சுளித்தல் வேண்டா. முன்னொரு குடும்பம் விடை கூறாது விட்ட வினாக்களே இவை. அதனாலன்றோ பல நாய்கள் அங்கு வந்து சேர்ந்தன!

வந்த புதிதில் நாய் உண்ண மறுக்கும், கட்டிலடியில் பதுங்கும், கை ஓங்கினால் நடுங்கும். இதை நன்றியின்மை எனக் கொள்ளற்க. மொழி அறியா ஊரில் முதன்முதல் வந்திறங்கியவர்க்கு இவ்வச்சம் புதிதன்று. வேளைக்கு உணவு, ஒரே இடத்தில் படுக்கை, உரக்கப் பேசாத குரல் ஆகிய மூன்றையும் சில வாரங்கள் தந்தால் அது தானே வந்து காலடியில் அமரும்.

இரக்கம் கொள்ள ஒரு கணம் போதும். தத்தெடுத்தலோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கடமை. அதற்கு மனம் துணிந்தவர் அருகிலுள்ள காப்பகத்துக்கு ஒரு முறை சென்று வருக.