வானத்தில் செயற்கைக்கோள், வரைபடத்தில் ஊரைக் காணோம்

காரில் வழி சொல்லும் ஜி.பி.எஸ். கருவி கிராமப்புறத்தில் தடுமாறினால் நாம் உடனே சொல்வது, "இங்கே சிக்னல் இல்லை போல". பெரும்பாலான நேரம் உண்மை இதற்கு நேர் எதிரானது. செல்போன் டவர் வேறு, செயற்கைக்கோள் வேறு. உயரமான கட்டடங்கள் வானத்தை மறைக்கும் நகரத்தை விட, திறந்த வயல்வெளியில்தான் செயற்கைக்கோள் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அப்படியானால் கருவி ஏன் தடுமாறுகிறது? அதன் உள்ளே இருக்கும் வரைபடத்தில் அந்த ஊர் இல்லை, அல்லது தப்பாக இருக்கிறது.

செயற்கைக்கோள் வழிகாட்டி என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பொருட்கள். ஒன்று, நாம் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பது. மற்றொன்று, அந்த இடத்தைச் சுற்றி என்ன சாலை இருக்கிறது என்று சொல்லும் வரைபடம். இந்த இரண்டின் வரலாறும் வேறு வேறு. முதலாவது உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வந்தது. இரண்டாவது நகரத்துக்கு முதலில் வந்தது, கிராமத்துக்குக் கடைசியில் வந்தது, சில இடங்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எல்லோருக்கும் ஒரே வானம்

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன தென்கொரிய பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான், ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் 24 செயற்கைக்கோள்கள் கொண்ட முழு அமைப்பு 1995-இல் செயல்பாட்டுக்கு வந்தது.

அப்போதும் ஒரு குறை இருந்தது. பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. அதனால் இடம் சுமார் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே இரவில் நியூயார்க் நகரத்தில் இருப்பவருக்கும் சஹாரா பாலைவனத்தில் இருப்பவருக்கும் துல்லியம் கூடிவிட்டது.

வரைபடத்துக்கு அப்படி ஒரு இரவு வரவே இல்லை.

கேசட்டில் வந்த வரைபடம்

ஆச்சரியமான விஷயம், காரில் வரைபடம் காட்டும் கருவி ஜி.பி.எஸ்.ஸுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டது. 1985-இல் கலிபோர்னியாவில் ஈட்டாக் என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. சக்கரம் எவ்வளவு சுற்றியது, கார் எந்தத் திசையில் திரும்பியது என்பதைக் கணக்கிட்டு, அதை வரைபடத்தோடு பொருத்தி இடத்தைச் சொல்லும். வரைபடம் பாட்டு கேட்கும் கேசட் போன்ற நாடாக்களில் வந்தது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கே பல கேசட்டுகள் தேவைப்பட்டன. அப்படியிருக்கும்போது ஆள் நடமாட்டமில்லாத மலைக்கிராமத்துக்கு யார் கேசட் போடப் போகிறார்கள்?

அரசாங்கத்திடமும் இதே நிலைமைதான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1970-களில் டைம் என்ற பெயரில் தெருக்களின் கணினிக் கோப்புகளைத் தயாரித்தது. அவை பெருநகரப் பகுதிகளுக்கு மட்டுமே. நிலப்பரப்பில் அது மிகச் சிறிய பங்கு. ஆனால் பாதிக்கு மேற்பட்ட மக்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள், அதனால் துறைக்கு அது போதுமானதாக இருந்தது.

1990 கணக்கெடுப்புக்காக முழு நாட்டையும் ஒரே கோப்பில் கொண்டுவர முடிவு செய்தார்கள். அதன் பெயர் டைகர். நகரங்களுக்கு ஏற்கனவே இருந்த கோப்புகளைப் பயன்படுத்தினார்கள். மற்ற இடங்களுக்கு நில அளவைத் துறையின் 1:1,00,000 அளவுள்ள காகித வரைபடங்களைக் கணினியில் ஏற்றினார்கள். அந்த அளவில் வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். வீடு எண்ணுவதற்கு அது போதும். கார் ஓட்டுவதற்குப் போதுமா? அந்தக் கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் டைகர் கார் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் அது இலவசம். எனவே பிறகு வந்த பல வரைபடங்களுக்கு அதுவே அடித்தளம் ஆனது.

வரைபட நிறுவனங்கள் நகரங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் ஆட்களைக் காரில் அனுப்பி ஒவ்வொரு திருப்பத்தையும் சரிபார்த்தன. கருவி வாங்குபவர்கள் அங்கேதான் இருந்தார்கள். யாரும் போகாத சாலைக்கு எந்தக் காரும் போகவில்லை. பழைய காகிதத்தில் இருந்த கோடு அப்படியே திரைக்கு வந்தது.

இல்லாத சாலை கொன்ற கதை

வரைபடத்தில் ஒரு சாலை இல்லாவிட்டால் நாம் யாரையாவது கேட்போம். இல்லாத சாலை இருப்பதாகக் காட்டினால்? அதுதான் ஆபத்து.

கலிபோர்னியாவில் டெத் வேலி என்ற பாலைவனப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் சுரங்க வேலை நடந்த இடம். சுரங்கத்துக்குப் போன பாதைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டு மணலில் மறைந்துவிட்டன. ஆனால் கருவிகளின் வரைபடத்தில் அவை சாலைகளாக உயிரோடு இருந்தன. 2009 ஆகஸ்டில் ஒரு தாய் தன் 6 வயது மகனோடு அங்கே போய் மணலில் வண்டி சிக்கிக்கொண்டது. பல நாள் கழித்துக் காவலர் கண்டுபிடித்தபோது தாய் உயிரோடு இருந்தார், சிறுவன் இறந்துவிட்டான். பூங்காக் காவலர்கள் இப்படிப்பட்ட சம்பவங்களுக்கு "ஜி.பி.எஸ். மரணம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூடிய பாதைகளை நீக்கச் சொல்லி வரைபட நிறுவனங்களோடு பேசியதும் அந்தக் காவலர்களில் ஒருவர்தான். தரையில் நின்று பார்க்கிறவருக்கு மட்டுமே தெரிந்த உண்மை அது.

இரண்டாவது உதாரணம் ஆஸ்திரேலியா. மில்டுரா என்ற ஊருக்குப் போகிறவர்களை, ஆப்பிள் நிறுவனத்தின் புதிய வரைபடம் சுமார் 70 கி.மீ. தள்ளி ஒரு தேசியப் பூங்காவின் நடுவில் கொண்டுபோய் விட்டது. அங்கே தண்ணீர் கிடையாது, வெயில் 46 டிகிரி வரை போகும். சிலர் 24 மணி நேரம் வரை உணவும் தண்ணீரும் இல்லாமல் தவித்தார்கள். 2012 டிசம்பரில் விக்டோரியா மாநிலக் காவல்துறை பொது எச்சரிக்கை வெளியிட்டது.

இதற்குக் காரணம் என்ன தெரியுமா? அரசின் ஊர்ப்பெயர்ப் பட்டியலில் மில்டுரா இரண்டு முறை இருந்தது. ஒன்று ஊர். இன்னொன்று அதே பெயருள்ள பரந்த நிர்வாகப் பகுதி. அந்தப் பகுதியின் நடுப்புள்ளி வெறும் காட்டில் விழுகிறது. பட்டியலில் தவறே இல்லை. அதைப் படித்தவர்களுக்கு அந்த ஊர் தெரியாது, அவ்வளவுதான்.

பிரிட்டனில் வேறு விதமான தலைவலி. அங்கே கிராமச் சாலைகள் வரைபடத்தில் சரியாகவே இருந்தன. ஆனால் அகலம் எவ்வளவு, லாரி திரும்புமா என்ற விவரம் கார்களுக்கான கருவியில் இல்லை. பெரிய லாரிகள் குறுக்கு வழி என்று நம்பி வந்து, வேலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. 2007-இல் வேல்ஸ் பகுதியில் செயின்ட் ஹிலாரி என்ற கிராமத்தில், வழிகாட்டிக் கருவியை நம்பி லாரிகள் வர வேண்டாம் என்று படம் போட்ட பலகையே வைத்தார்கள்.

யார் வரைவது?

2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் தன் ஊரை வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அமெரிக்காவுக்கு 2007, 2008-இல் டைகர் கோப்புகளை அப்படியே இதில் ஏற்றினார்கள். வயல் பாதைகள்கூட "குடியிருப்புச் சாலை" என்று பதிவாகிவிட்டன. அவற்றைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. 1990-இன் குறை அவ்வளவு தூரம் பயணம் செய்தது.

2014-இல் கினி நாட்டின் கெக்கெடூ பகுதியில் எபோலா பரவியது. எந்த ஊரில் நோய் என்று குறிக்கவே சரியான வரைபடம் இல்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கேட்டுக்கொண்டதும், பல நாட்டுத் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சாலைகளையும் வீடுகளையும் வரைந்தார்கள். ஆனால் கூரை தெரியும், ஊரின் பெயர் வானத்திலிருந்து தெரியாது. பெயரைச் சொல்ல அந்த ஊர்க்காரர்தான் வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1802-இல் லாம்ப்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவை உலகப் புகழ் பெற்றது. 1767-இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறையிடம் நல்ல வரைபடங்கள் இருந்தன. ஆனால் பாதுகாப்புக் காரணம் சொல்லி எல்லைப்புற, கடலோர வரைபடங்களைப் பொதுமக்களுக்குக் கொடுக்கவில்லை. 2005 தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கு என்று தனி வரிசையைக் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில்தான் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடம் தயாரிக்க வழி பிறந்தது. ஆக, நம் கிராமங்கள் அளக்கப்படாமல் விடுபட்டவை அல்ல. அளந்து பூட்டி வைக்கப்பட்டவை.

மில்டுராவின் சிக்கல் நமக்கும் அந்நியமில்லை. தமிழ்நாட்டில் ஒரு வருவாய் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். பதிவேட்டில் ஒரே பெயர், ஆனால் மக்கள் வாயில் நாலு பெயர். இரவில் ஆம்புலன்சுக்குப் போன் செய்கிறவர் சொல்வது வாயில் வழங்கும் பெயரைத்தான். கருவியிடம் இருப்பது பதிவேட்டுப் பெயர் என்றால் வண்டி எங்கே போய் நிற்கும்?

செயற்கைக்கோள்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. மீதி வேலை தரையில் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவும், பக்கத்துக் காலனியும், ஏரிக்கரைப் பாதையும் வரைபடத்தில் எந்தப் பெயரில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். தப்பாக இருந்தால் திருத்துங்கள். மழைக்காலத்தில் மூழ்கும் பாதை எது என்று சான் பிரான்சிஸ்கோவில் இருப்பவருக்குத் தெரியாது. உங்கள் பாட்டிக்குத் தெரியும்.